கோவைல இருந்து சென்னைக்கு ஷிப்ட் ஆகறோம், வெயில் மழை தண்ணி எல்லாம் உண்மைல எப்படிங்க?

சிறுவாணிக்காரன்
ஏப்ரல் 12, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் போஸ்ட். ஆபீஸ்ல சோழிங்கநல்லூருக்கு மாத்தி போட்டுட்டாங்க, ஜூன் முதல் வாரம் போய் சேரணும். பொறந்ததுல இருந்து கோயம்புத்தூர் தாண்டி எங்கயும் குடியிருந்ததில்ல. நான், வீட்டுக்காரி, யூகேஜி போற பையன், அம்மா, நாலு பேரு. பையனுக்கு அப்பப்ப வீசிங் வரும். அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏறறது கஷ்டம், அதனால கீழ் வீடா பாக்கலாம்னு இருக்கோம்.

சென்னைக்கு கல்யாணம் காதுகுத்துன்னு வந்துட்டு மறுநாளே சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏறி ஓடியாந்ததுதான் பழக்கம். எப்ப வந்தாலும் சென்ட்ரல்ல எறங்கி அஞ்சு நிமிஷத்துல சட்டை முதுகோட ஒட்டிக்குது. இங்க 38 காட்டுனாலும் வேப்பமரத்து நிழலுக்கு போய்ட்டா தாங்கிருமுங்க, சாயங்காலம் பாலக்காட்டு பக்கம் இருந்து காத்து வந்துரும், அங்க 35ன்னுதான் போன்ல காட்டுது ஆனா இட்லி சட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கே அது ஏன்?

ஏசி இல்லாம ஓட்ட முடியுமா, கரண்ட் பில் எவ்வளவு வரும், மழைக்கு எந்தெந்த பக்கம் போகக்கூடாது, தண்ணிக்கு என்ன பண்றீங்க (சிறுவாணி தண்ணி குடிச்சு நாக்கு கெட்டுப்போன குடும்பம்ங்க, வேற ஊர் தண்ணிய வாயில வெச்சா வீட்டுக்காரி மூஞ்சி போற போக்கு பாக்க முடியாது). வாடகை 22 ஆயிரம் வரைக்கும் முடியும். எந்த ஏரியா நல்லாருக்கும்னு சொல்லுங்க. கம்பளி எல்லாம் மூட்டை கட்டணுமான்னு அம்மா கேக்கறாங்க, சிரிக்காதீங்க.

வேளச்சேரிவாசி
ஏப்ரல் 12, இரவு 11.25

சார் கீழ் வீடு மட்டும் வேண்டாம். மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

நான் ஏரியா பேர கேட்டு வீடு வாங்கி ஏமாந்தவன். வேளச்சேரி, ஸ்டேஷன் கிட்ட, மால் கிட்ட, எல்லாம் கிட்டன்னு சொன்னாங்க, ஏரியும் கிட்டன்னு மட்டும் யாரும் சொல்லல. 2015 டிசம்பர் 1ந்தேதி ராத்திரி, மழை பேஞ்சுகிட்டே இருக்கு, வாசல்ல தண்ணி ஏறுதான்னு டார்ச் அடிச்சு பாத்துட்டே இருந்தோம், வாசல்ல ஒண்ணும் இல்ல, திரும்பி பாத்தா பாத்ரூம் ஓட்டை வழியா கருப்பா தண்ணி கொப்பளிச்சு ஹால் வரைக்கும் வந்துடுச்சு. அது யாருக்கும் தெரியாது, வெள்ளம் முதல்ல வாசல் வழியா வராது, டிரைனேஜ் வழியா பின்னாடி வரும். அரை மணி நேரத்துல முழங்கால், விடியறதுக்குள்ள இடுப்பு. எங்க அப்பாவ பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு நாலு பேர் தூக்கி மாடி வீட்டுக்கு கொண்டு போனோம். அப்புறம் மூணு நாள் கரண்ட் இல்ல, போன் டவர் இல்ல, பால் பாக்கெட் இல்ல, ஏடிஎம்ல காசு இல்ல. செம்பரம்பாக்கம் ஏரிய திறந்து விட்டானுங்க, நாங்க மிதந்தோம். அன்னிக்கு தாம்பரத்துல 49 செமீ பதிவாச்சு, உங்க ஊர்ல வருஷம் முழுக்க பெய்யற மழைல முக்கால்வாசி ஒரே நாள்ல கொட்டுனா எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க.

சரி அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றதுன்னு சொல்லி பெயின்ட் அடிச்சு புது சோபா வாங்கி போட்டேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து அந்த சோபாவையும் எடுத்துட்டு போச்சு. எட்டு வருஷத்துல ரெண்டு நூறு வருஷம்.

இதுல இன்னொரு கூத்து ரோடு. பழைய தாரை சுரண்டாம மேல மேல போட்டு போட்டு எங்க தெரு ஒசந்துகிட்டே போகுது, வீடு கட்டும்போது ரெண்டு படி ஏறி உள்ள போனோம், இப்ப ஒரு படி இறங்கி போறோம். அதனால வீடு பாக்க போறப்ப ஹால் சைஸ் பாக்கறதுக்கு முன்னாடி ரோட்டுக்கும் வாசலுக்கும் உயரம் எவ்வளவுன்னு பாருங்க. பக்கத்து காலி மனை மதில் சுவர்ல அழுக்கு கோடு இருக்கும், அது எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க. வீட்டு சுவத்துல புது பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க, மதில் சுவருக்கு யாரும் பெயின்ட் அடிக்க மாட்டாங்க. மூலைல இருக்கற அயர்ன் வண்டிக்காரர்கிட்ட கேளுங்க, புரோக்கர்கிட்ட கேக்காதீங்க.

ஊர் பேர்லயே பாதி விஷயம் இருக்கு சார். அய்யப்பன்தாங்கல், பழவந்தாங்கல்னு எத்தனை தாங்கல் இருக்கு பாருங்க, தாங்கல்னா தண்ணி தேங்கற இடம். நம்ம முன்னோர் போர்டு வெச்சிட்டுதான் போயிருக்காங்க.

2024 அக்டோபர்ல ரெட் அலர்ட்னு சொன்னதும் எங்க ஆளுங்க காரெல்லாம் கொண்டு போய் வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா நிறுத்துனது டிவில பாத்திருப்பீங்க. சிரிச்சீங்களா? அதுல ஒண்ணு என்னோடது.

மாம்பலம் பெரிசு
ஏப்ரல் 13, காலை 6.10

வேளச்சேரி தம்பிக்கு ஒரு திருத்தம். செம்பரம்பாக்கம் தண்ணி வந்தது அடையாத்துல. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் முழுகுனது அதனால, அதுவும் செம்பரம்பாக்கத்துல திறந்தது 29 ஆயிரம் கன அடின்னா தாம்பரம் பக்கத்து ஏரியெல்லாம் நிரம்பி வழிஞ்சு வந்தது தனி. உங்க பக்கம் கதை வேற. மேல இருக்கற முப்பது சொச்சம் ஏரி தண்ணி பூரா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குதான் வரணும், அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் கோவளத்துல கடல். சதுப்பு நிலத்துல குப்பையும் கட்டடமும் போட்டு சுருக்கிட்டா தண்ணி எங்க போகும்? 2022ல அதுக்கு ராம்சார்னு சர்வதேச சதுப்பு நில அங்கீகாரம் குடுத்தாங்க, நல்லது, ஆனா குடுக்கும்போது மிச்சம் இருந்ததுக்குதான குடுக்க முடியும். நான் மட்டும் யோக்கியமா? நான் இருக்கற இடமும் ஏரிதான். மாம்பலம் ஏரிய தூர்த்துதான் 1920கள்ல தி.நகரே உண்டாச்சு, லேக் வியூ ரோடுன்னு இன்னும் இருக்கு, லேக்க காணோம்.

கோவைத் தம்பி, வெயில் கேட்டீங்க. 35ல ஏன் வேகுதுன்னா காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருக்கு, உங்க வேர்வை காயறதுக்கு இடமில்ல. வேர்வை காஞ்சாதான உடம்பு குளிரும், இங்க அது வழிஞ்சுகிட்டே இருக்கும். உங்க ஊர்ல வெயில் சுடும், எங்க ஊர்ல வெயில் அவிக்கும். பகல் பன்னெண்டு மணி சுமாருக்கு கடல் காத்து உள்ள வந்துடுச்சுன்னா அன்னிக்கு பொழைச்சோம், 36, 37ல நின்னுடும். மே கடைசி ஜூன்ல மேற்கேர்ந்து வறண்ட காத்து வேகமா அடிச்சு கடல் காத்த கரைலயே நிறுத்தி வெச்சுடும், ரெண்டு மணி மூணு மணி வரைக்கும் வராது, அன்னிக்குதான் 41, 42 போறது. 2003 மே 31 நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ரோட்டுல நாய் கூட இல்ல, மொட்டை மாடி டேங்க்லேர்ந்து வந்த தண்ணில காபி போடலாம்.

அக்னி நட்சத்திரம் மே 4 சுமாருக்கு ஆரம்பிச்சு 28 சுமாருக்கு முடியும்னு காலண்டர்ல இருக்கும், அதோட வெயில் முடிஞ்சதுன்னு வெளியூர்க்காரங்க நம்பிடுவாங்க. நீங்க வர்றது ஜூன் முதல் வாரம். எங்க ஊர்ல ஜூன் முதல் வாரம் மே மாசத்துக்கு அண்ணன். அப்புறம் ஜூலை ஆகஸ்ட்ல சாயங்காலம் இடி மின்னலோட ஒரு மணி நேரம் கொட்டும், கொஞ்சம் மூச்சு விடலாம். பெரிய மழை அக்டோபர் நடுவுலேர்ந்து டிசம்பர் வரைக்கும், வருஷத்துக்கு 140 செமீ சுமாருக்கு பெய்யறதுல பாதிக்கு மேல அந்த ரெண்டரை மாசத்துல. மார்கழி தை ரெண்டு மாசம் மட்டும் ஊர் சொர்க்கம், காலைல 20, 21 இருக்கும், அதுக்கே நாங்க மங்கி குல்லா போட்டுண்டு வாக்கிங் போவோம், நீங்க பாத்து சிரிப்பீங்க. ஆனா அடுத்த வருஷம் நீங்களும் போட்டுப்பீங்க.

பதினாலாவது மாடி
ஏப்ரல் 13, மதியம் 1.50

நான் ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) பத்து வருஷமா இருக்கேன், நாவலூர் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மென்ட். சொந்த ஊர் கும்பகோணம். லேடீஸ் யாரும் இன்னும் பதில் போடல போல, அதனால வீட்டுக்குள்ள இருக்கற விஷயம் எதுவுமே வரல.

தண்ணிய பத்தி சொல்றேன். எங்க பக்கம் பல அபார்ட்மென்ட்ல குழாய்ல வர்றது எல்லாம் லாரி தண்ணி. 12 ஆயிரம் லிட்டர், 24 ஆயிரம் லிட்டர்னு டேங்கர் விடிய விடிய வந்து சம்ப்புல ஊத்திட்டு போகும், அதுக்கான காசு மெயின்டனன்ஸ்ல ஏறும். விளம்பரத்துல நீச்சல் குளம் காட்டுவாங்க, அந்த குளத்துக்கும் லாரிதான். வாடகை 22ன்னு பேசி உள்ள வந்து மெயின்டனன்ஸ் அஞ்சாயிரம்னு சொன்னா திக்குன்னு இருக்கும், முன்னாடியே கேட்டுக்கோங்க. போர்வெல் தண்ணின்னா உப்பு, வாளி ரெண்டு வாரத்துல வெள்ளையா பூக்கும், ஷவர் ஓட்டை அடைச்சுக்கும், முடி கொட்டுதுன்னு முதல் மூணு மாசம் உங்க வீட்டம்மா அழுவாங்க, நானும் அழுதேன். குடிக்க இருபது லிட்டர் கேன், சமையலுக்கும் அதுதான். சிறுவாணிய மறந்துடுங்க, அது போச்சு.

2019 சம்மர்ல எங்க அபார்ட்மென்ட்ல காலைல ஒரு மணி நேரம் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் தண்ணி. ஊருக்கு குடிதண்ணி குடுக்கற நாலு ஏரியும் காஞ்சு போச்சு, ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்து வில்லிவாக்கத்துல இறக்குனாங்க. இங்க ஐடி கம்பெனிங்க வீட்லயே இருந்து வேலை பாருங்கன்னு சொல்லிடுச்சு, வீட்ல மட்டும் என்ன அருவியா கொட்டுது? பாத்திரம் கழுவுன தண்ணிய பாத்ரூமுக்கு, துணி அலசுன தண்ணிய வாசலுக்கு. பல் தேய்க்கும்போது குழாய மூடறது என் பொண்ணுக்கு அந்த வருஷம் வந்த பழக்கம், இன்னிக்கும் விடல. நாலு வருஷம் கழிச்சு அதே பொண்ண மிக்ஜாம் அப்போ டிராக்டர்ல ஏத்தி வெளிய கொண்டு போனேன். குடம் தூக்குன ஊர்லயே படகும் தேடுனோம், இத எங்க அம்மாகிட்ட போன்ல சொன்னா நம்பல.

இப்ப நெம்மேலில கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்கற பிளான்ட் ரெண்டாவதும் 2024ல இருந்து ஓடுது, மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) லைன் வந்த தெருவும் இருக்கு வராத தெருவும் இருக்கு. அதனால வீட்டுக்காரர்கிட்ட "தண்ணி இருக்கா"ன்னு கேக்காதீங்க, யார் கேட்டாலும் "24 மணி நேரமும் இருக்கு"ன்னுதான் சொல்லுவாங்க. மெட்ரோ வாட்டரா, போரா, லாரியான்னு கேளுங்க. வெய்யில் காலத்துலயே கேளுங்க, மழை காலத்துல எல்லா போரும் நல்ல போர்தான்.

மாடிய பத்தி. பதினாலாவது மாடில காத்து பிச்சுகிட்டு போகும், கொசு ரொம்ப கம்மி, சாயங்காலம் பால்கனில உக்காந்தா ஏசியே வேண்டாம். ஆனா மெட்ரோ ரயில் வேலை நடக்கற தூசி இங்க வரைக்கும் வருது, காலைல துடைச்ச டைனிங் டேபிள்ல சாயங்காலம் கோலம் போடலாம். உங்க பையனுக்கு வீசிங்னு சொன்னீங்க, மெயின் ரோட்ட ஒட்டுன வீடு வேண்டாம். நவம்பர்ல அலமாரிக்குள்ள துணில பூசணம் பிடிக்கும், லெதர் பெல்ட் பச்சையா ஆயிடும், உப்பு ஜாடில தண்ணி விடும், அப்பளம் பொரிச்சு தட்டுல வெச்சு சாம்பார் ஊத்தறதுக்குள்ள நமுத்துடும். பூசண வாசனை வந்தா உடனே துடைச்சு காய வைங்க, என் பொண்ணுக்கு தும்மல் ஆரம்பிக்கறதே அதுலதான்.

சிறுவாணிக்காரன்
ஏப்ரல் 13, இரவு 9.15

இத்தனை பேர் இவ்ளோ விவரமா சொல்வீங்கன்னு நெனைக்கலைங்க. பாத்ரூம் ஓட்டை விஷயத்த அம்மாகிட்ட படிச்சு காட்டுனேன், கீழ் வீடே வேண்டாம் கண்ணு, நான் மெதுவா ஏறிக்கறேன்னுட்டாங்க. அப்ப மாடின்னா எந்த மாடிங்க, காத்து வரும்னா மேல்மாடியே எடுத்துரலாமா? அட்வான்ஸ் பத்து மாசம் கேக்கறாங்களே அது நெசமா? இங்கெல்லாம் அப்படி இல்லீங்க.

ஏசி மெக்கானிக் 44
ஏப்ரல் 13, இரவு 11.40

பத்தொம்பது வருஷமா இந்த ஊர்ல வீடு வீடா ஏறி எறங்கறேன் சார், எந்த வீடு எப்படி கொதிக்கும்னு எனக்கு தெரியும். அக்கா சொன்னது பதினாலு மாடி கட்டடம், அவங்க மேலயும் ஆள் இருப்பாங்க. நீங்க பாக்கப்போறது மூணு மாடி வீடு. அதுல மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற வீட்ட எடுத்துடாதீங்க. பகல் பூரா காங்கிரீட் வெயில குடிக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு அத உங்க தலைல கக்கும். ஃபேன் போட்டா அந்த சூட்டத்தான் கீழ தள்ளும். மேல வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டியிருந்தா கொஞ்சம் பரவால்ல, ஏறி போய் பாத்துட்டு அப்புறம் பேசுங்க. வீடு பாக்க சாயங்காலம் ஏழு மணிக்கு போங்க. பெட்ரூம்ல மேற்கு பக்க சுவத்துல உள்ளங்கைய வைங்க, தோசைக்கல்லு மாதிரி இருந்தா நகர்ந்துடுங்க. மூணு மாடில நடு மாடி, கிழக்கு இல்ல தெற்கு ஜன்னல், அதான் உங்களுக்கு.

ஏசி இல்லாம ஓட்டலாமான்னு கேட்டா, ஓட்டறவங்க இருக்காங்க, நானே என் வீட்ல ஒண்ணு கூட மாட்டல :) வேலை முடிஞ்சு வந்து அந்த மூஞ்சிய வீட்லயும் பாக்க முடியாது. ஆனா குழந்தை, பெரியவங்க இருக்காங்க, ஒரே ஒரு ரூம்ல மாட்டுங்க, ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் நாலு பேரும் அதுலயே படுத்துக்கோங்க, சென்னைல பாதி குடும்பம் அப்படித்தான் படுக்குது. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினா ஆறு ஏழு யூனிட் இழுக்கும், ரெண்டு மாசத்துக்கு நானூறு ஆச்சு, ஃபிரிட்ஜ் மோட்டார் கீஸர் சேத்தா ஐநூறு தாண்டிடும். இங்கதான் கவனிக்கணும். ஐநூறு தாண்டுனா தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் காசு ஏறாது, கீழ இருக்கற யூனிட்டுக்கான ரேட் ஸ்லாபும் மாறி மொத்தமா தூக்கி அடிக்கும். 18ல வெச்சு போர்வை போத்திக்காதீங்க, 26, 27ல வெச்சு ஃபேன சின்னதா ஓட விடுங்க. இன்னொண்ணு, வீட்டுக்கு தனி ஈபி மீட்டர் இருக்கான்னு பாருங்க. சில ஓனருங்க சப் மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு எட்டு ஒம்பதுன்னு வாங்குவாங்க, அப்ப இலவச யூனிட் எல்லாம் உங்களுக்கு கெடையாது.

கொட்டிவாக்கம் நீலாங்கரை பக்கம் பீச் கிட்ட வீடு கெடைச்சா காத்துக்கு ஆசைப்பட்டு போவீங்க, காத்து நல்லாத்தான் இருக்கும், ஆனா அது உப்பு காத்து. அவுட்டோர் யூனிட் காயில மூணு வருஷத்துல தின்னுடும், கேட்டு கீலு, பைக் செயின், ஃபிரிட்ஜ் பின்னாடி தகடு எல்லாம் துரு. எனக்கு அங்கதான் நல்ல வருமானம், அதனால இதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

வேளச்சேரிவாசி
ஏப்ரல் 14, காலை 8.05

அட்வான்ஸ் பத்து மாசம் பழைய வழக்கம், இப்ப அஞ்சு ஆறுன்னு இறங்கி வர்றாங்க, பேசுங்க. சட்டத்துல மூணு மாச வாடகைன்னுதான் இருக்கு, அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதிக்கலாம்னும் அதுலயே இருக்கு, அந்த ஒரு வரிலதான் ஊர் ஓடுது. காலி பண்ணும்போது பெயின்டிங்னு ஒரு மாசம் பிடிப்பாங்க, அதையும் எழுதி வாங்குங்க. அப்புறம் கார் இருந்தா இன்சூரன்ஸ்ல இன்ஜின் கவர் சேர்த்து போடுங்க. தண்ணில நின்ன வண்டிய தெரியாம ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணேன், மெக்கானிக் சொன்ன தொகைய இங்க எழுதினா மறுபடி வயிறு எரியும்.

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள், மாங்கா பச்சடி சாப்டாச்சா.

வியாசர்பாடி வாலு
ஏப்ரல் 14, மாலை 4.30

இன்னா தலைவா, எல்லாரும் சென்னைன்னா சைதாப்பேட்டைக்கு தெக்கதான்னு முடிவு பண்ணிட்டீங்க போல. படகு விட்டா வேளச்சேரி டிவில வருது, எங்க புளியந்தோப்புல வருஷா வருஷம் முட்டிக்கால் தண்ணி நிக்குது, கேமரா வராது. கணேசபுரம் சப்வே மழை வாசனை புடிச்சாலே மூடிக்கும். 2023 டிசம்பர்ல புயல் தண்ணியோட ஆயிலும் சேந்து எண்ணூர் பக்கம் வீட்டுக்குள்ள வந்துச்சு, ஆத்துல போட் பூரா கருப்பு, வலை பூரா கருப்பு, மீன்காரங்க தொழிலுக்கே போவல, அதே மாசம் அம்மோனியா கேஸ் கசிஞ்சு ராத்திரியோட ராத்திரியா ஜனம் குழந்தைய தூக்கினு ஓடுச்சு. சோபா போனது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா எங்காளுங்களுக்கு போனது போட்டு.

உனக்கு ஆபீஸ் சோழிங்கநல்லூர், எங்க பக்கம் வரமாட்ட, தெரியும், வந்தா டெய்லி நாலு மணி நேரம் ரோட்லயே போயிடும். ஆனா பையனுக்கு வீசிங்னு சொன்னியே அதுக்கோசரம் ஒண்ணு சொல்றேன். இந்த ஊருக்கு ரெண்டு குப்பை மேடு, வடக்கால கொடுங்கையூர், தெக்கால பெருங்குடி. பெருங்குடி 2022 ஏப்ரல்ல தீப்புடிச்சு நாள் கணக்குல பொகைஞ்சுது. பள்ளிக்கரணை, துரைப்பாக்கம் பக்கம் வீடு பாத்தா பகல்ல ஒருவாட்டி ராத்திரி ஒருவாட்டி போ, காத்து திரும்புறப்போ மூக்கு சொல்லும். அப்புறம் போகி. ஜனவரி நடுவுல அன்னிக்கு விடியகாலம் ஊரே டயரு பழைய பாய்னு கொளுத்தும், ஏரோப்பிளேனே எறங்க முடியாம திரும்பி போயிருக்கு. அன்னிக்கு பையன ஜன்னல சாத்தி உள்ள வை, இல்ல முந்துன நாளே ஊருக்கு கூட்டினு பூடு, எப்டியும் பொங்கலுக்கு போவல்ல.

கிளாம்பாக்கத்துல போய் பஸ் புடிக்கணுமேன்னு இப்பவே பயப்படாத, உனக்கு ரயிலு இருக்கு.

மாம்பலம் பெரிசு
ஏப்ரல் 14, இரவு 7.20

வாலு சொல்றது நியாயம். நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

இடம் பத்தி தம்பிக்கு என் யோசனை, கிழக்கு தாம்பரம், சேலையூர், கேம்ப் ரோடு பக்கம் பாருங்க. மேட்டு நிலம், அதுலயும் ஏரியை ஒட்டுன தெருவ விட்டுடுங்க. மேற்கு தாம்பரத்துல முடிச்சூர், வரதராஜபுரம்னு சொன்னா வாடகை கம்மியா இருக்கும், ஏன் கம்மின்னு அடையாறு சொல்லும். காத்து மட்டும் பீச் மாதிரி வராது, கடல் காத்து அங்க வந்து சேர ஒரு மணி நேரம் லேட் ஆகும், ஆனா ஜூலை ஆகஸ்ட் இடி மழை உங்களுக்கு முதல்ல. ஆபீஸுக்கு மேடவாக்கம் வழியா போகணும், பெரும்பாக்கம் கிட்ட ரோட்டுல தண்ணி நின்னா அன்னிக்கு லீவுதான். முன்னாடியெல்லாம் டிவில வானிலை மைய ரமணன் வந்து நின்னாலே பசங்க புஸ்தகப் பைய மூலைல போட்டுடுவாங்க, இப்ப ஆபீஸ்காரங்க வெதர்மேன் பேஜ பாத்துட்டு மடிக்கணினிய சார்ஜ் போட்டு வெக்கறாங்க. காலம்.

மிளகாய் வத்தல், வடாம் எல்லாம் அம்மா போடுவாங்கன்னா மொட்டை மாடி சாவி குடுப்பாங்களான்னு கேட்டுக்கோங்க. இது எங்க வீட்ல ஒத்துண்ட ஒரே வெயில்.

சிறுவாணிக்காரன்
மே 18, இரவு 10.05

வணக்கமுங்க, எல்லாருக்கும் ஒரு அப்டேட் சொல்லோணும். ரெண்டு வாரம் சனி ஞாயிறு வந்து ஏழு வீடு பாத்தோம். நீங்க சொன்ன மாதிரியே சாயங்காலம்தான் போனோம், நான் ஒவ்வொரு வீட்லயும் சுவத்துல கைய வெச்சுட்டு நிக்கறத பாத்து புரோக்கர் பயந்துட்டாரு, சார் வாஸ்துவான்னு கேட்டாரு.

மேடவாக்கம் தாண்டி ஒரு வீடு, புத்தம் புது பெயின்ட், வாடகை 16தான், வீட்டுக்காரி விழுந்துட்டா. எனக்கும் ஆசைதான். வெளிய வந்து பக்கத்து காலி மனை மதில பாத்தேன், என் நெஞ்சு உயரத்துல கோடு. அயர்ன் வண்டிக்காரர்கிட்ட கேட்டேன், அவரு ஒண்ணும் சொல்லல, வண்டிய நிறுத்தியிருந்த கல்லு மேடைய காட்டுனாரு. மூணு அடி மேடை. அயர்ன் வண்டிக்கு எதுக்குங்க மூணு அடி மேடை?

கடைசில கேம்ப் ரோடு பக்கம் உள்ளடங்குன தெருவுல மூணு மாடில நடு மாடி முடிச்சாச்சு. வாடகை 19 ஆயிரம், அட்வான்ஸ் எட்டு கேட்டு அஞ்சுல நின்னாங்க. தனி ஈபி மீட்டர் இருக்கு. தண்ணி போரும் உண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலைல குழாய்த்தண்ணியும் வருது. போர் தண்ணிய வீட்டுக்காரி ஒரு வாய் வெச்சு பாத்துட்டு என்ன பாத்தா பாருங்க, கல்யாணமாகி ஒம்பது வருஷத்துல அப்படி பாத்ததில்ல. கேன் போடற பையன் நம்பர் அன்னிக்கே வாங்கிட்டேன். படி பதினெட்டு, அம்மா நடுவுல ஒருக்கா நின்னு ஏறிட்டாங்க. மொட்டை மாடி சாவியும் கேட்டு வாங்கிட்டாங்க.

ஜூன் 1 வண்டி ஏறுது. கம்பளிக்கு மட்டும் யாருமே பதில் சொல்லலீங்க, அம்மா இன்னும் கேட்டுட்டு இருக்காங்க.

ஏசி மெக்கானிக் 44
மே 18, இரவு 11.50

ரெண்டு எடுத்துட்டு வாங்க. ஏசிய 26ல வெக்க சொன்னா யாரு கேக்கறா.